ரோபோ ஒதுங்க எடம் இருக்கா காக்கா?

மே மாசம் லீவுக்கு கீழக்கரை வந்திருந்தேன், வந்த மூணாவது நாளே பெரியம்மா மகன் காக்கா (எங்க பக்கம் அண்ணனத்தான் காக்காம்போம்) போன் போட்டு "தம்பி, நாளைக்கு மண்டபம் பக்கம் வந்துட்டுப் போ, ஒண்ணு காட்டணும்"னாக. காக்கா மூணு பேரோட கூட்டு சேந்து ஒரு மீன் கம்பெனி நடத்துறாக, கணவாய், இறால், மீன் எல்லாம் உறைய வச்சு அட்டைப்பெட்டில அடைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புற எடம். போய் உக்காந்தா டேபிள்ல டீ வர்றதுக்கு முன்னாடி ரெண்டு கொட்டேஷன் வந்துச்சு. ஒண்ணு ஏஜிவி, அதாவது போட்ட தடத்துலயே ஆளில்லாமப் போற சரக்கு வண்டி. இன்னொண்ணு ஏஎம்ஆர், தானே வழி பாத்துப் போற ரோபோ. "ரெண்டுல எது நல்லதுன்னு மட்டும் சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்"னாக.

எனக்கு ஒம்பது வருஷமா இதுதான் பொழப்பு, ஒரகடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கோடவுன்ல இந்த வண்டிகள எறக்கி மேப் போட்டு ஓட வச்சுக் குடுக்குறது. அதனால காக்கா என்ன எதிர்பாத்தாகன்னா நான் பேப்பரப் பாத்ததும் பட்டுனு ஒண்ணு மேல வெரல வச்சிருவேன்னு. நான் ரெண்டையும் மடிச்சு வச்சிட்டு "வாங்க முதல்ல உள்ள போய் நடப்போம்"னேன், மொகம் சுருங்கிருச்சு.

காக்கா கேக்குறதுல நியாயம் இருக்கு. லோடு தூக்க ஆள் இல்ல. ஊர்ப் பயலுக பாதிப் பேரு வளைகுடா, மீதிப் பேரு திருப்பூர், வர்ற வெளியூர் ஆளுகளும் ரெண்டு சீசன் நின்னா பெருசு. பேக்கிங் ஹால்ல இருந்து கோல்ட் ஸ்டோரேஜ் வரைக்கும் ஒரு 60 மீட்டர் நடை, அதுல நாள் பூரா பேலட்ட, அதான் பெட்டிகள அடுக்கி வைக்கிற பலகைய, தள்ளிக்கிட்டு போறதும் வர்றதுமாவே ரெண்டு மூணு ஆள் வேல போயிருது. அந்த நடைக்குத்தான் ரோபோ.

சரி, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு காக்காவுக்கு நான் சொன்ன மாதிரியே இங்கயும் சொல்லிடுறேன், ஏன்னா இதக் கேட்டு எனக்கு வர்ற மெசேஜ் கொஞ்ச நஞ்சமில்ல.

ஏஜிவி புதுசு கெடையாது. 1950கள்லயே அமெரிக்காவுல பாரெட் எலக்ட்ரானிக்ஸ்னு ஒரு கம்பெனி இழுவை வண்டில ஆள எறக்கிட்டு ஒயர் சிக்னலப் புடிச்சுக்கிட்டு போக வச்சாங்க. 1974ல ஸ்வீடன்ல வோல்வோ காரன் கால்மார்ங்குற ஊரு ஃபேக்டரில கார் அசெம்பிளியவே இந்த மாதிரி வண்டி மேல ஏத்தி ஓட்டுனான். தரைய வெட்டி ஒயர் பதிக்கிற காலம் போயி மேல ஒட்டுற மேக்னெட்டிக் டேப் வந்துச்சு, தரைல ஓட்டை போட்டு சின்னச் சின்ன காந்தப் பொட்டு பதிக்கிறது வந்துச்சு, அப்புறம் லேசர் வந்துச்சு. லேசர்னா தூணுலயும் சொவத்துலயும் பளபளன்னு ரிஃப்ளெக்டர் ஒட்டி வச்சிருப்பாங்க, வண்டி தலைல ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கும், எந்தெந்த ரிஃப்ளெக்டர் எந்தக் கோணத்துல தெரியுதுன்னு பாத்து நான் இங்க நிக்கிறேன்னு கணக்குப் போட்டுக்கும். வாப்பா காலத்துல கடல்ல எடம் பாத்தது அப்படித்தானே, கரைல கோயில் கோபுரமும் அந்த ஒத்தப் பனையும் ஒரே நேர்ல வந்தா இங்க பாறை இருக்கு, வலை எறக்காதேம்பாங்கள்ல, அதே கததான்.

எதுவா இருந்தாலும் ஏஜிவி போற பாதை நாம போட்டது. குறுக்க ஏதாச்சும் வந்தா நின்னுரும். எடுத்தாத்தான் நகரும். ஒதுங்கிப் போற பழக்கம் அதுக்குக் கெடையாது.

ஏஎம்ஆர்னா ஒத்தப் பனைய மட்டும் பாக்காது, கரை மொத்தத்தையும் பாக்கும். முத நாள் நாம ஜாய்ஸ்டிக்க வச்சு கோடவுன் முழுக்க ஒரு சுத்து ஓட்டிக் காட்டணும், லைடார்னு லேசர் அடிச்சு தூரம் அளக்குற கண்ணு ஒண்ணு அதுக்கு இருக்கு, அதுல சொவரு, தூணு, ரேக்கு காலு எல்லாத்தையும் அளந்து தனக்குள்ள ஒரு மேப் போட்டுக்கும். அப்புறம் ஓடும்போதெல்லாம் இப்ப கண்ணுல படுறதயும் அந்த மேப்பையும் ஒத்துப் பாத்துக்கிட்டே போகும். குறுக்க ஒரு பெட்டி இருந்தா சுத்திப் போகும், சுத்த முடியலன்னா வேற சந்து இருக்கான்னு பாக்கும். டேப்பும் வேணாம், தரையத் தோண்டவும் வேணாம், பாதைய மாத்தணும்னா கம்ப்யூட்டர்ல கோட்ட இழுத்தாப் போதும். கேக்கும்போது இதுதான் நல்லதுன்னு தோணும்ல. காக்காவுக்கும் தோணுச்சு, கொட்டேஷன் குடுக்க வந்த பையனும் அப்படித்தான் சொல்லிட்டுப் போயிருக்கான்.

ஆனா பனைய வெட்டிட்டா என்ன ஆகும்? சில வருஷம் முன்னாடி ஒரு பார்ட்ஸ் கோடவுன்ல எனக்கு இது நடந்துச்சு. ரேக்கே கெடையாது, எல்லாம் தரைல அடுக்கி வச்ச பேலட்டுங்கதான், அது ரெண்டாளு ஒசரத்துக்கு சொவரு மாதிரி நிக்கும். நாங்க மேப் போட்ட அன்னைக்கு கோடவுன் ரொம்பி வழிஞ்சுது. மார்ச் கடைசில கணக்கு முடிக்கணும்னு மூணே நாள்ல எல்லாத்தையும் லாரில ஏத்தி அனுப்பிட்டாங்க. நாலாம் நாள் காலைல ரோபோ நட்டநடுவுல நின்னுக்கிட்டு முன்னாடி ஒரு அடி, பின்னாடி ஒரு அடி, ஊரே காலி பண்ணிட்டுப் போன தெருவுல நிக்கிற ஆளு மாதிரி முழிக்குது. அது சொவருன்னு நம்பி வச்சிருந்தது எல்லாம் சரக்கு! ராத்திரியோட ராத்திரியா தூணையும் நெஜச் சொவரையும் மட்டும் வச்சு மேப்ப திரும்பப் போட்டோம். தப்பு என் மேலதான், சரக்க மேப்புல இருந்து அழிச்சிருக்கணும், அன்னைக்கு அவசரத்துல விட்டுட்டேன்.

இன்னொரு கூத்து, பேரு. இப்பல்லாம் எல்லாரும் எல்லாத்துக்கும் ஏஎம்ஆர்னு ஸ்டிக்கர் ஒட்டிடுறாங்க. கீவா சிஸ்டம்ஸ்னு ஒரு கம்பெனிய 2012ல அமேசான் 775 மில்லியன் டாலருக்கு வாங்குச்சு தெரியுமா, ரேக்குக்கு அடில புகுந்து ரேக்கையே தூக்கிட்டு வர்ற ஆரஞ்சு கலர் வண்டி, அது தரைல ஒட்டுன க்யூஆர் கோடு மாதிரி ஸ்டிக்கரப் படிச்சுப் படிச்சுத்தான் போகும், மனுசன் நடமாடாத வேலிக்குள்ள ஓடும். அத ஏஜிவின்னும் சொல்றாங்க, ஏஎம்ஆர்னும் சொல்றாங்க. அதனால நோட்டீஸப் படிக்காதீங்க, டெமோவுக்குப் போனா ஒரு பிளாஸ்டிக் சேர எடுத்து வழில போடுங்க. நின்னுருச்சுன்னா ஒண்ணு, சுத்திப் போச்சுன்னா இன்னொண்ணு. அப்புறம் ரெண்டாவது சேரையும் போட்டு சந்த மொத்தமா அடைச்சுட்டு வாட்ச்சப் பாருங்க. நான் ஒரு தடவ அப்படிச் செஞ்சேன், அது யோசிச்சு, பின்னாடி வந்து, அடுத்த சந்து வழியா ஊரச் சுத்திப் போய்ச் சேர நாலு நிமிசம் ஆச்சு. காட்ட வந்தவங்களுக்கு என் மேல கொஞ்சம் கோவம்.

இப்ப காக்காவோட நடைக்கு வருவோம்.

அன்னைக்கு உள்ள போனா நடை தொடச்சு விட்ட மாதிரி காலி. "பாத்தியா, எம்புட்டு எடம்"னு காக்காவுக்குப் பெருமை. எனக்குச் சிரிப்பு. ஏன்னா அது மே மாசம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகெல்லாம் கரைல கெடக்கு, நாட்டுப்படகு கொண்டு வர்றது மட்டுந்தான் வருது, கம்பெனில பாதி ஆளே இல்ல. கொட்டேஷன் குடுத்தவங்க ரெண்டு பேரும் அளவெடுக்க எப்ப வந்தாங்கன்னு கேட்டேன். ரெண்டு பேரும் மே மாசந்தான்!

"போன ஆகஸ்ட்ல எடுத்த வீடியோ எதாச்சும் போன்ல இருக்கா காக்கா?"ன்னேன். தேடிப் புடிச்சு ஒண்ணு காட்டுனாக, யாரோ பார்ட்டிக்கு அனுப்புறதுக்காக நடைல நடந்துக்கிட்டே எடுத்த ஒண்ணரை நிமிச வீடியோ. அதுல எண்ணுனேன், ஓரமா நிக்கிற பேலட் மட்டும் ஆறு, ஐஸ் பெட்டி ஒரு குவியல், கைவண்டி ரெண்டு, தரை கழுவுற ஹோஸ் பைப்பு குறுக்க கெடக்கு, ஒரு அக்கா பக்கெட்ட வச்சிட்டு எங்கிட்டோ போயிருக்காக.

டேப்ப எடுத்து அளந்தேன். நடை அகலம் 2.4 மீட்டர். பேலட் 1.2க்கு 1, நீளவாக்குல தூக்கிட்டுப் போனா அகலம் 1 மீட்டர். ஆளில்லா வண்டிக்குன்னே ஒரு பாதுகாப்புத் தரம் இருக்கு, ஐஎஸ்ஓ 3691-4, ஆளும் வண்டியும் சேந்து நடக்குற பாதைல வண்டிக்கு ரெண்டு பக்கமும் அரை அரை மீட்டர் விடச் சொல்லுது, ஆளு நசுங்கக் கூடாதுல்ல. அப்ப வண்டிக்குத் தேவை 2 மீட்டர். காலி நடைல சரியா போயிரும். ஓரமா ஒரே ஒரு பேலட் நின்னுச்சுன்னா மிச்சம் 1.4. அதுல ஏஎம்ஆர் எப்படி ஒதுங்கும்? அதுவும் நிக்கும். கோல்ட் ஸ்டோரேஜ் போக வேற சந்தும் கெடையாது. அதாவது ஒதுங்கிப் போற மூளைக்குன்னு கூடக் காசு குடுத்து வாங்கி, அந்த நடைல அத ஏஜிவியாத்தான் ஓட்டப் போறோம்.

பாம்பன் பாலத்துல லீவு நாள்ல போயிருக்கீங்களா? கீழ ரயில் தண்டவாளத்துல போகுது, அதுக்கு வேற வழி இல்ல. மேல ரோட்டுப் பாலத்துல பஸ்ஸுக்கு ஸ்டீரிங் இருக்கு, டிரைவர் இருக்காரு, திருப்பலாம். ஆனா டூரிஸ்ட்டுக ரெண்டு பக்கமும் கார ஓரங்கட்டிட்டு கடலப் பாத்து போட்டோ எடுத்துக்கிட்டு நிக்கும்போது அந்த ஸ்டீரிங்க வச்சு அவரு என்ன பண்ணுவாரு, ஹாரன் அடிச்சுக்கிட்டு நிப்பாரு. இதச் சொன்னதும் காக்கா சிரிச்சிட்டாக, அப்பத்தான் மேட்டர் உள்ள எறங்குச்சு.

அப்புறம் தண்ணி. மீன் கம்பெனில தரை காயுற நேரமே கம்மி, தெனம் ஷிப்ட் முடிஞ்சதும் குளோரின் தண்ணி ஊத்திக் கழுவுறாங்க. ஏஜிவி கொட்டேஷன்ல மேக்னெட்டிக் டேப்னு போட்டிருந்துச்சு. காஞ்ச கோடவுன்லயே ஹேண்ட் பேலட் சக்கரம் ஏறி ஏறி டேப்போட ஓரம் தூக்கிக்கும், நான் வாராவாரம் முட்டி போட்டு ஒட்டிருக்கேன், இந்த ஈரத்துல அது ஒரு மாசம் நின்னா ஆச்சரியம். டேப்ப விட்டுட்டு காந்தப் பொட்டு கேளுங்க, தரைல எறக்கி மேல எபாக்ஸி பூசிட்டா கழுவலாம், தேய்க்கலாம், என்ன வேணா பண்ணலாம்னு சொன்னேன். ஈரத்துல சக்கரம் வழுக்குற பிரச்சன ரெண்டுக்குமே உண்டு, சக்கரம் சுத்துன கணக்கும் போன தூரமும் ஒத்து வராது.

அதவிடப் பெரிய வில்லன் கோல்ட் ரூம் வாசல். அங்க தொங்குதுல்ல பட்டை பட்டையா பிளாஸ்டிக் திரை, நமக்கு அது திரை, லைடாருக்கு அது சொவரு. ஏஜிவியோ ஏஎம்ஆரோ, பாதுகாப்பு ஸ்கேனர் ரெண்டுலயும் இருக்கு, திரை முன்னாடி வந்து பவ்யமா நின்னுரும். அதக் கழட்டிட்டு வண்டியோட பேசித் தானாத் தொறக்குற வேகக் கதவு போடணும், அது தனிச் செலவு, ரெண்டு கொட்டேஷன்லயும் இல்ல. கதவத் தொறந்தா நம்ம கடக்காத்து ஈரம் உள்ள மைனஸ் 18ல போய் மோதி ஒரே புகை மூட்டம், அதுல லைடாருக்குக் கண்ணு மங்கும். உள்ள போய்ட்டு வெளிய வந்தா கண்ணாடி மேல தண்ணி பூத்துரும், கண்ணாடி போட்டவங்க ஏசி கார்ல இருந்து எறங்குனா தெரியுமே. லித்தியம் பேட்டரிய பூஜ்யத்துக்குக் கீழ சார்ஜ் போடக் கூடாது, அதனால சார்ஜர் வெளிய இருக்கணும். கோல்ட் ரூம் சொவரு பஃப் பேனல், ரெண்டு பக்கமும் தகரம், உள்ள போனா வைஃபை செத்துரும், தனியா ஆன்டெனா இழுக்கணும். இதெல்லாம் வச்சுத்தான் குளிருக்குள்ள போகவே வேணாம், வாசல் வரைக்கும் போதும்னு நான் முடிவு பண்ணேன்.

இங்க ஒண்ணு சொல்லணும், இது நானாக் கண்டுபிடிச்சது இல்ல. வாசலுக்கு முன்னாடி ஏன் எப்பவுமே மூணு பேலட் நிக்குதுன்னு ஹேண்ட் பேலட் தள்ளுற அண்ணன்ட்ட கேட்டேன், சோம்பேறித்தனம்னுதான் நானும் நெனச்சேன். அவரு "ஒவ்வொண்ணுக்கா கதவத் தொறந்தா உள்ள குளிரு எறங்கிரும் தம்பி, மிசினு கெடந்து அடிச்சுக்கும், அதான் மூணு சேத்து ஒரே தடவையா தள்ளுறது"ன்னாரு. பத்து வருஷமா கரண்ட் பில்ல அந்த மனுசன்தான் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்காரு, காக்காவுக்கே தெரியாது! ரோபோவ விட்டா அது ஒண்ணு வந்ததும் ஒண்ணக் கொண்டு போயி ஒவ்வொரு தடவையும் கதவத் தட்டும். நடைல நிக்கிற பேலட்டு இடைஞ்சல் இல்ல, அதுக்குக் காரணம் இருக்கு. அத நிறுத்தணும்னா அதுக்கு வேற எடம் குடுக்கணும்.

அதனால காக்காட்ட நான் சொன்னது இதுதான். கோல்ட் ரூம் வாசலுக்கு இடப்பக்கம் பழைய ஐஸ் கிரஷர் கெடக்குற மூலைய இடிச்சு நாலு பேலட் நிக்கிற மாதிரி ஒரு ஒதுக்கம் கட்டுங்க. நடை முழுக்க எபாக்ஸி போட்டு ஓரத்துல மஞ்சக் கோடு அடிங்க, கோட்டுக்குள்ள ஒரு சாமானும் நிக்கக் கூடாது. இது ரெண்டும் ரோபோ வாங்குனாலும் வாங்காட்டியும் லாபம். அப்புறமும் வேணும்னு தோணுச்சுன்னா, அந்த 60 மீட்டருக்கு காந்தப் பொட்டுல போற ஏஜிவி போதும். ஒரே பாதை, ஒரே தூரம், மாறவே போறதில்ல. சும்மா கணக்குப் போட்டாலும் மெதுவா செகண்டுக்கு 1 மீட்டர்னா போக ஒரு நிமிசம் வர ஒரு நிமிசம், ஏத்த எறக்க சேத்தா அஞ்சு நிமிசம், மணிக்கு பத்துப் பன்னெண்டு பேலட், ஆகஸ்ட் கூட்டத்துக்கே ஒரு வண்டி தாங்கும்.

ஏஎம்ஆர் வேண்டாத பொருள்னு நெனச்சுராதீங்க. காலி அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் கவர் எல்லாம் வச்சிருக்காகளே பின்னாடி ஷெட்டு, காஞ்ச எடம், நாலு சந்து, தெனம் ஒரு எடத்துல சரக்கு, தெனம் ஒரு எடத்துக்குப் போகணும், அங்க ஒரு சின்ன ஏஎம்ஆர் விட்டா ஜம்முனு ஓடும். ஆன்லைன் ஆர்டர் எடுக்குற கோடவுன்லயும் சந்து சந்தா ஆளோட ஆளா ஓடணும்னா அதுதான் சரி. எது வாங்குனாலும் நாளைக்கு இன்னொரு கம்பெனி வண்டி வந்தா ரெண்டும் ஒரே கம்ப்யூட்டர்கிட்ட பேசுமான்னு கேட்டுக்கோங்க, அதுக்கு ஜெர்மனிக்காரங்க போட்ட விடிஏ 5050னு ஒரு பொது மொழி இருக்கு, தெரியும்னு சொன்னா எழுதி வாங்குங்க. ஏஎம்ஆர மாச வாடகைக்கு விடுற முறையும் இருக்கு, ஆனா 61 நாள் தடைக்கும் சேத்து வாடகை கட்டணுமாங்குறத முதல்லயே பேசிருங்க காக்கா, அத எவனும் தானாச் சொல்ல மாட்டான்.

காக்கா எல்லாத்தையும் கேட்டுட்டு "அப்ப ரோபோ வேணாம்ங்குற"ன்னாக. இப்ப வேணாம்ங்குறேன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கொத்தனாருக்குப் போன் போட்டாக.

நான் லீவு முடிஞ்சு வேலைக்குத் திரும்பி மூணு வாரம் ஆச்சு, தடை முடிஞ்சு போட்டெல்லாம் கடலுக்குப் போயிருச்சு. நேத்து காக்கா வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பிருக்காக, ஒதுக்கம் கட்டி முடிஞ்சிருச்சு, தரை பளபளன்னு, மஞ்சக் கோடு ஸ்கேல் வச்ச மாதிரி. கோட்டு மேல நாலு ஐஸ் பெட்டி. கீழ "கத்திக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி"ன்னு எழுதிருக்காக.